வழியறிந்தார் சொற்கேட்டல்

நிலத்தைக் கடந்தோர் வரலாறு பெரும்பாலும் நிலத்தை வென்றோர் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவர்க்கு வழிகாட்டியவர், உணவு தந்தவர், நீர் இருக்குமிடம் சொன்னவர் முதலியோர் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றனர். எனினும் பயணிகளின் குறிப்புகளை ஊன்றிப் படிப்பார்க்கு ஓர் உண்மை புலப்படும். பாலையிலும் காட்டிலும் ஒருவன் உயிரோடு மீள்வதற்கு அவனது உடல்வலிமை மட்டும் போதாது. அந்நிலத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த அறிவைக் கேட்டு நடத்தலும் வேண்டும். இதனை இரு பயணங்களைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று, 1352-இல் இப்னு பதூதா சகாராப் பாலையைக் கடந்தது. மற்றொன்று, 1860-61-இல் பர்க், வில்ஸ் என்போர் ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தது.

தக்ஷீஃப் எனும் முன்தூதன்

1304-இல் மொராக்கோ நாட்டுத் தாஞ்சியரில் பிறந்தவர் இப்னு பதூதா. மஅபர் எனப்பட்ட தமிழகக் கரைக்கும் மதுரைக்கும் வந்து சென்ற அப்பெரும் பயணி, ஹிஜ்ரி 753 முஹர்ரம் திங்களில், அதாவது 1352 பிப்ரவரியில், சிஜில்மாசாவிலிருந்து வணிகர் கூட்டம் ஒன்றோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். 25 நாட்களுக்குப் பின் அவர் கண்ட ஊர் தகாஸா. அங்கு வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்தன. மரம் இல்லை, நீரும் உவர் நீரே. ஆயினும் அதனையே தோற்பைகளில் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கப்பால் ஏறத்தாழப் பத்து நாள் வழிக்கு நீர் கிடைப்பது அரிது.

அடுத்துத் தாஸரஹ்லா என்னுமிடத்தில் வணிகர் கூட்டம் மூன்று நாள் தங்கும். அது வெறும் ஓய்வன்று. தோற்பைகளைச் செப்பனிட்டு, நீர் நிரப்பி, வெங்காற்று நீரை உறிஞ்சிவிடாதபடி அவற்றின்மேல் முரட்டுத் துணியைப் போர்த்தித் தைப்பர். தக்ஷீஃப் எனப்படுவோன் முன்செல்வதும் இங்கிருந்தே. மஸூஃபா குலத்தைச் சேர்ந்த இவன், வணிகர் தரும் மடல்களோடு தன்னந்தனியே பாலையைக் கடந்து வலாத்தா நகரை அடைவான். மடல் கண்ட நகரத்தார் நான்கு நாள் தொலைவுக்கு நீரோடு எதிர்கொண்டு வருவர். அவன் இடைவழியில் மாண்டானாயின் கூட்டம் வரும் செய்தி நகரை எட்டாது. கூட்டத்தாரில் பலரோ எல்லாருமோ மடிவர். இப்னு பதூதாவின் கூட்டத்தார் தம் தக்ஷீஃபுக்குக் கொடுத்த கூலி நூறு மித்கால் பொன். ஓர் ஆளின் நடைக்கு அது பெருங்கூலியாகத் தோன்றலாம். கூட்டத்தின் உயிரெல்லாம் அவன் ஒருவன் காலடியில் நின்றது என்பதை எண்ணினால் அது மிகையன்று.

இப்பயணத்தில் அவரை வியப்பில் ஆழ்த்தியவர் வழிகாட்டியே ஆவார். அவருக்கு ஒரு கண் பார்வையற்றது. மற்றைக் கண்ணும் நோயுற்றது. எனினும் அவரினும் வழியை நன்கறிந்தார் பிறரிலர். அப்பாலையில் கண்ணுக்குப் புலப்படும் பாதை இல்லை. இன்று ஓரிடத்தில் நிற்கும் மணற்குன்றைக் காற்று நாளை வேறிடத்திற்குப் பெயர்த்துவிடும். கண்ணை மட்டும் நம்பினார்க்கு அங்கு வழி கிட்டாது என்பதற்கு அம்மனிதரே சான்று. ஏழாம் நாள் இரவில், எதிர்கொள்ள வந்தோர் மூட்டிய தீயொளியைக் கண்டு கூட்டத்தார் மகிழ்ந்தனர் என்று இப்னு பதூதா கூறுகிறார்.

கூட்டம் பிரியாமை

பயணத் தொடக்கத்தில் அவர்கள் கூட்டத்திற்கு முன்னே சென்று, புல் கண்ட இடத்தில் விலங்குகளை மேயவிடும் வழக்கமுடையராய் இருந்தனர். இப்னு ஸீரி என்பவர் காணாமற்போன நிகழ்ச்சி அவ்வழக்கத்தை நிறுத்தியது. உறவினர் ஒருவரோடு பூசலிட்டுப் பின்தங்கிய அவர் மீளவே இல்லை. காலடித் தடம் தேர்வதில் வல்ல மஸூஃபா ஒருவரைக் கூலிக்கு அமர்த்துமாறு கூட்டத்தார் சொல்ல, அவ்வுறவினர் மறுத்துவிட்டார். மறுநாள் மஸூஃபா ஒருவர் கூலி பெறாமலே தேடிப் புறப்பட்டார். தடம் சில இடங்களில் வழியோடு சென்றும், சில இடங்களில் வழி விலகியும் கிடந்ததைக் கண்டார்; ஆளைக் காணவில்லை. ஒரு நாள் காலத்தாழ்வு ஓருயிரின் விலையாயிற்று. பின்னர், வேறொரு கூட்டத்திலிருந்து பிரிந்த ஒருவர், கையில் சவுக்கோடு ஒரு சிறு மரத்தடியில் இறந்து கிடந்தார். நீரோ அவருக்கு ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலேயே இருந்தது. இப்னு ஸீரி காணாமற்போனபின் தாம் கூட்டத்தை முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை என்கிறார் இப்னு பதூதா.

கூப்பர் ஓடையில் நிகழ்ந்தது

ஐந்து நூற்றாண்டுகள் கழிந்தன. 1860 ஆகஸ்ட் 20 அன்று மெல்போர்னிலிருந்து இராபர்ட் பர்க் தலைமையில் ஒரு குழு புறப்பட்டது. குதிரைகள், ஒட்டகங்கள், ஏறத்தாழ இருபது டன் பொருள்கள் என அதற்குக் குறை ஒன்றும் இல்லை. கூப்பர் ஓடையில் பாசறை அமைத்து, அங்குச் சிலரைக் காவல் வைத்து, பர்க், வில்ஸ், கிங், கிரே என்னும் நால்வர் வடக்கே சென்றனர். கார்பென்டேரியா வளைகுடாவின் அருகை எட்டித் திரும்பும் வழியில் கிரே இறந்தார். எஞ்சிய மூவர் 1861 ஏப்ரல் 21 மாலை பாசறையை அடைந்தனர். நான்கு மாதம் காத்திருந்த காவலர் அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தனர். மரமொன்றில் தோண்டுக என்னும் சொல் செதுக்கப்பட்டிருந்தது. அதனடியில் சிறிது உணவு புதைக்கப்பட்டிருந்தது.

அவ்வோடைக் கரையில் யந்துருவந்தா மக்கள் காலங்காலமாக வாழ்ந்துவந்தனர். அவர்கள் மீனும் நார்டூ மாவும் தந்தனர். நார்டூ என்பது நம் நாட்டு ஆரைக்கீரையின் இனத்தைச் சார்ந்த நீர்ச்செடி. அதன் விதைக்கூடுகளை உரிய முறையில் பக்குவம் செய்யாது உண்டால், தையமின் என்னும் உயிர்ச்சத்தை உடலில் அழிக்கும் பொருள் அதில் தங்கிவிடும். வறுத்தல், நீர்விட்டு அரைத்தல் முதலிய பக்குவம் அம்மக்கள் கண்டறிந்தது. பயணிகள் செடியை அறிந்துகொண்டனர். பக்குவத்தை முழுதும் அறிந்துகொள்ளவில்லை. வயிறு நிறைய உண்டும் அவர் மெலிந்தமைக்கு இதுவே காரணமாகலாம் என இன்றைய ஆய்வாளர் சிலர் கருதுவர். அதனினும் கொடிது, மீன் கொண்டுவந்தோரைப் பர்க் துப்பாக்கி வேட்டால் விரட்டியது. ஜூன் இறுதியை ஒட்டி வில்ஸும் பர்க்கும் இறந்தனர். கிங் மட்டும் அம்மக்களை நாடிச் சென்றார்; அவர்கள் அவருக்கு உணவும் உறைவிடமும் தந்து காத்தனர். செப்டம்பர் 15 அன்று தேடிவந்த குழுவினர் அவரை உயிரோடு கண்டனர். மூவர் இருந்ததும் ஒரே கரை. கேட்டு வாழ்ந்தவர் மீண்டார்.

பின்வருவோர்க்கு அடையாளம்

இத்துயரில் இன்னும் ஒரு பாடம் உண்டு. புதைத்த உணவை எடுத்துக்கொண்ட மூவர், மடல் ஒன்றைக் குழியில் இட்டு, முன்போலவே மண்ணைச் சமன்செய்து சென்றனர். மரத்தில் புதிய குறி எதனையும் செதுக்கவில்லை. மே 8 அன்று காவலர் தலைவர் மீண்டும் வந்து பார்த்தார். குழி தோண்டப்பட்டதற்கான அடையாளம் எதுவும் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை, திரும்பிப் போனார். கத்தியால் கீறிய ஒரு கோடு அம்மூவரையும் காத்திருக்கக்கூடும்.

இவ்விடத்துப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நினைவுக்கு வருகிறது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் அப்பாட்டு, பன்றிக்கு வைத்த பொறியையும், பாசி படிந்து வழுக்கும் இடத்தையும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லையும் எடுத்துக்கூறி எச்சரிக்கிறது. வழி பிரியும் சந்தியில் புல்லை முடிந்து இட்டுச் செல்க என்றும் அறிவுறுத்துகிறது. முன்சென்றவர் பின்வருவோர்க்குச் சொல்லும் சொல்லே ஆற்றுப்படை. தனித்துச் சென்ற தக்ஷீஃபின் மடலும் அத்தகையதே. செதுக்கப்படாமற்போன அம்மரக்குறியும் அத்தகையதாய் இருந்திருக்க வேண்டியதே.

கருவிகள் பெருகிய இக்காலத்தில் வழியைக் கைப்பேசி சொல்கிறது. எனினும் மின்கலம் தீர்ந்த இடத்தில் மனிதனுக்கு எஞ்சுவன மூன்று: அவ்விடத்தாரைப் பணிந்து கேட்கும் செவி, உடன்வருவோரைப் பிரியாத கால், பின்வருவோரை மறவாத கை. இம்மூன்றும் உடையார்க்குப் பாலையும் வழிவிடும்.