ஓட்டுநரின் காதில் ஒரு குரல்

மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கக்கூடிய 'ஃபார்முலா ஒன்' பந்தயக் காரில் இருப்பது ஒரே ஓர் இருக்கைதான். எனினும் அதில் அமர்ந்திருப்பவர் தனியாக இல்லை! தலைக்கவசத்தினுள் ரேடியோ வழியாக ஒரு குரல் அவருடன் பேசுகிறது. அது பந்தயப் பாதையோரம் அமர்ந்திருக்கும் அவருடைய பொறியாளரின் குரல்.

அக்குரலுக்கு என்ன வேலை? காரில் பொருத்தப்பட்டுள்ள நுண்கருவிகள் எஞ்சினின் வெப்பம், டயரின் காற்றழுத்தம் முதலியவற்றை அளந்து பொறியாளர்களின் திரைக்கு ஓயாமல் அனுப்புகின்றன. ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிகிறது. முன்னால் விபத்தா, மழை வருமா, டயரை எப்போது மாற்றுவது என்பனவற்றை அவர்கள் அறிவிக்கிறார்கள்.

இதில் தவறென்ன என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டுநர் பிறர் உதவியின்றித் தாமே காரை ஓட்டவேண்டும் என்பது பந்தய விதி. எங்கே பிரேக் பிடிப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று ஒவ்வொன்றையும் மற்றவர் சொல்லித் தந்தால், வெற்றி யாருடையது? இக்காரணத்தால் பொறியாளர்களின் பேச்சுக்கு 2014ஆம் ஆண்டு கட்டுப்பாடு வந்தது. 2016இல் அது மிகவும் கடுமையாயிற்று.

அவ்வாண்டு ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் பந்தயத்தில், நிக்கோ ரோஸ்பெர்க்கின் கியர்பெட்டி இறுதிக் கட்டத்தில் பழுதடைந்தது. பழுதைப் பற்றி எச்சரிக்க அனுமதி உண்டு. பொறியாளரோ, ஏழாவது கியரில் நிற்காமல் அதைக் கடந்துவிடும்படி வழியும் சொன்னார். அது வரம்பு மீறல் என்று நடுவர்கள் 10 விநாடி தண்டனை விதித்தனர். இரண்டாமிடம் மூன்றாமிடமாகி, 18 புள்ளிகள் 15 ஆயின. ஆண்டு முடிவில் அவர் உலக வெற்றிவீரரானது வெறும் 5 புள்ளி வித்தியாசத்தில்தான் என்றால், அந்த 3 புள்ளிகளின் மதிப்பு விளங்கும்.

இரு வாரங்களுக்குப் பின் ஹங்கேரியில் ஜென்சன் பட்டனின் பிரேக் மிதி அடிவரை இறங்கிவிட்டது. அவருடைய குழு ரேடியோவில் யோசனை கூறியது; அதற்காக அவருக்கும் தண்டனை கிடைத்தது. பிரேக் பழுதான காரைப் பற்றிப் பேசுவது சலுகையா, உயிர்காக்கும் கடமையா? அம்மாத இறுதியிலேயே பெரும்பாலான கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. பந்தயம் புறப்படும் நேரத்துக்கான தடை மட்டும் நீடித்தது. பாதையோரத்திலிருந்தபடியே பொறியாளர்கள் காரின் அமைப்பை மாற்றுவதோ 2003 முதலே தடை செய்யப்பட்டது. சொல்லலாம், கை வைக்கலாகாது!

அப்படியானால் உதவியின் எல்லை எது? நமது தேர்வுக் கூடத்தை எண்ணிப் பாருங்கள். மணி எவ்வளவு என்று ஆசிரியை அறிவிப்பார்; வினாத்தாளில் அச்சுப்பிழை இருந்தால் திருத்துவார்; ஒரு மாணவி மயங்கினால் ஓடி வருவார். விடையை மட்டும் சொல்ல மாட்டார். பந்தயத்துக்கும் இதுவே தகுந்த அளவுகோல் என்பது என் கருத்து. ஆபத்தையும் பழுதையும், அவற்றிலிருந்து தப்பும் வழியையும் தாராளமாகச் சொல்லட்டும். வளைவில் எப்படித் திரும்புவது என்பதை ஓட்டுநரின் திறமைக்கே விட்டுவிடட்டும். இரண்டுக்கும் இடையில் ஐயம் எழுந்தால், உயிரின் பக்கமே விதி சாயவேண்டும். வெற்றிக் கோப்பையை அடுத்த ஆண்டும் வெல்லலாம். போன உயிரை மீட்க முடியுமா?

பத்தாம் வகுப்பு மாணவி