திசை பார்த்து எரியும் விளக்கு

மின்கிதாரின் கம்பியைச் சுண்டினால் வரும் ஒலி, ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. 'ஆம்ப்' என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் அந்தப் பெட்டியின் முகப்பில், மின்சாரம் வருகிறது என்று காட்ட ஒரு குட்டி விளக்கு இருக்கும். அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்களில் அது பட்டை தீட்டிய சிவப்பு மூடிக்குள் எரியும். அந்த விளக்கு அணைந்துபோனால் என்ன செய்வது?

மூடிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் 47 என்ற எண் கொண்ட பல்பு. 6.3 வோல்ட், 0.15 ஆம்பியர். இதே உருவத்தில் 44 என்றொரு பல்பும் உண்டு, அது 0.25 ஆம்பியர் இழுக்கும். கண்ணாடிக்குள் உற்றுப் பாருங்கள். இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு சிறு மணி தெரியும். பழுப்பு மணி என்றால் 47, நீல மணி என்றால் 44.

அதென்ன 6.3 வோல்ட்? அந்தக் காலத்துக் கார் பேட்டரியில் மூன்று அறைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். கார் ரேடியோவுக்காக அந்த அளவில் செய்த வால்வுகள், பிறகு வீட்டு ரேடியோவுக்கும் ஆம்ப்புக்கும் வந்துவிட்டன. வால்வுகளைச் சூடாக்கும் அதே 6.3 வோல்ட்டில்தான் முகப்பு விளக்கும் எரிகிறது.

பல்பை மாற்றுவது எளிது. ஆனால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். முதலில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆம்ப் ஆறும்வரை காத்திருங்கள். சிவப்பு மூடியைத் திருகினால் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் பல்பை லேசாக அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் கையோடு வரும். பெட்டியைத் திறக்கவே வேண்டாம்! திறக்கவும் கூடாது. வால்வு ஆம்ப்புக்குள் இருக்கும் மின்தேக்கிகள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பல நூறு வோல்ட் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து.

பழைய பல்பின் இடத்தில் எல்இடி வைத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்ல யோசனைதான். 47 பல்பு கிட்டத்தட்ட 1 வாட் தின்கிறது; அதில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. எல்இடிக்கு அதில் சிறு பங்கு போதும். ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு.

பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை சூடேறித்தான் ஒளி தருகிறது. மின்னோட்டம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இழை சூடாகும். எல்இடி ஒரு டயோடு. நீளமான கால் வழியாக மின்னோட்டம் உள்ளே வந்தால் எரியும். திசை மாறினால் எரியாது. ஆம்ப் விளக்குக்கு வருவதோ மாறுதிசை மின்னோட்டம். நம் நாட்டில் அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. அமெரிக்காவில் 60 முறை. ஆகவே எல்இடி பாதி நேரம் எரிந்து, பாதி நேரம் அணைந்திருக்கும். கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் ஓட்டினால் ஒளி புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அணைந்திருக்கும் அந்தப் பாதி நேரத்தில்தான் சிக்கல். 6.3 வோல்ட் என்று நாம் சொல்லும் மாறுதிசை மின்னழுத்தம் உச்சத்தில் 8.9 வோல்ட் வரை ஏறும். சாதாரண எல்இடி எதிர்த்திசையில் சுமார் 5 வோல்ட்தான் தாங்கும். அதனால் அதன் பக்கத்தில் தலைகீழாக ஒரு டயோடைச் சேர்ப்பார்கள்; எதிர்த்திசை மின்னோட்டம் அதன் வழியே போய்விடும். மின்னோட்டம் அளவு மீறாமலிருக்க 470 ஓம் மின்தடை ஒன்றும் வேண்டும். இவையெல்லாம் உள்ளேயே பொருத்தப்பட்ட, 47 பல்பின் அடிப்பாகம் கொண்ட எல்இடிகள் கடையில் கிடைக்கின்றன. மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஏற்றதுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

எல்இடியின் இந்தக் குணத்தை மேசையிலேயே சோதிக்கலாம். 1.5 வோல்ட் செல் இரண்டு, சிவப்பு எல்இடி ஒன்று, 100 ஓம் மின்தடை ஒன்று. எல்லாவற்றையும் வரிசையாக இணையுங்கள். எரிகிறதா? எல்இடியைத் திருப்பிப் போடுங்கள். அணைந்துவிடும். இப்போது சிவப்பை எடுத்துவிட்டு நீல எல்இடி வையுங்கள். மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. சிவப்பு ஒளிக்கு 2 வோல்ட் போதும்; நீல ஒளிக்கு ஆற்றல் கூடுதல், அதற்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். நிக் ஹோலோன்யாக் 1962-லேயே சிவப்பு எல்இடியைச் செய்துவிட்டார். பளிச்சென்ற நீலத்துக்கு உலகம் 1990கள் வரை காத்திருந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்த அழகான நீலத்தை ஆம்ப்பின் சிவப்பு மூடிக்குப் பின்னால் வைத்துவிடாதீர்கள். சிவப்பு மூடி சிவப்பு ஒளியை மட்டுமே வெளியே விடும். நீல ஒளி உள்ளேயே மடங்கிவிடும். வெள்ளை எல்இடியிலும் சிவப்பின் பங்கு குறைவுதான். அந்த மூடிக்குப் பொருத்தம் சிவப்பு எல்இடியே. நீலம்தான் வேண்டும் என்றால் மூடியையும் சேர்த்து மாற்றுங்கள்.