புகைத்தலை விட்டபின் கூடும் எடை

புகைத்தலை விட நாள் குறித்துவிட்டுப் பின்னர் அந்த நாளைத் தள்ளிவைப்பவர்கள் சொல்லும் காரணங்களுள் உடல் பருத்துவிடும் என்பதும் ஒன்று. ஒருமுறை விட்டுப் பார்த்து, மூன்றாம் மாதத்தில் காற்சட்டை இடுப்பில் இறுகத் தொடங்கவே, மீண்டும் கடைக்குச் சென்று பெட்டி வாங்கியவர்களும் உளர். இவ்வச்சத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. புகைத்தலை விட்டவர்களுள் பெரும்பாலானோருக்கு எடை கூடுகிறது என்பது உண்மையே. எவ்வளவு கூடும், எந்த மாதங்களில் கூடும், எதனால் கூடும் என்பவற்றை முன்கூட்டியே அறிந்திருப்பவர், எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று கலங்கவேண்டிய தேவை குறைகிறது.

எவ்வளவு, எப்போது

மருந்து எதுவுமின்றிப் புகைத்தலை விட்டவர்களின் எடையைப் பல ஆய்வுகளிலிருந்து திரட்டிக் கணித்த ஆய்வறிக்கை ஒன்று 2012இல் பிரித்தானிய மருத்துவ ஆய்விதழில் வெளியாயிற்று. அதன்படி சராசரி எடை முதல் மாத முடிவில் ஏறத்தாழ 1.1 கிலோகிராம், மூன்றாம் மாத முடிவில் 2.9 கிலோகிராம், ஓராண்டு முடிவில் 4.7 கிலோகிராம் கூடியிருந்தது. அதாவது ஓராண்டில் கூடும் எடையில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதங்களிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு மாதமும் ஒரு கிலோ என்று முடிவின்றி ஏறிக்கொண்டே போகும் என அஞ்சுவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

சராசரி எல்லோருக்கும் பொருந்துவதன்று. அதே கணிப்பில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு ஓராண்டின் பின் எடை குறைந்திருந்தது. பதின்மூன்று பேருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. அண்டை வீட்டார் ஒருவருக்கு நேர்ந்ததைக் கொண்டு தமக்கும் அவ்வாறே நேரும் என்று தீர்மானிப்பதில் பொருளில்லை.

எதனால் கூடுகிறது

நிக்கோட்டின் உடலைச் சற்று வேகமாக ஓடவைக்கும் பொருள். இதயம் விரைவாகத் துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போதும் உடல் கூடுதலான சக்தியைச் செலவிடுகிறது. 1986இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வொன்றில், 24 சிகரெட்டுகள் புகைத்த நாளில் அதே மனிதர்கள் புகைக்காத நாளைவிடச் சுமார் 10 சதவீதம் அதிகச் சக்தியைச் செலவிட்டமை அளந்து காட்டப்பட்டது. இது ஏறத்தாழ 200 கலோரி. சமைத்த சோறு ஒரு கோப்பையில் இருப்பதும் கிட்டத்தட்ட இவ்வளவே. ஆகவே நாளொன்றுக்கு ஒரு பெட்டி புகைத்த ஒருவர், விட்ட பின்னரும் முன்போலவே உண்டு முன்போலவே உழைத்தால், அவருடைய உடலுக்கு ஒரு கோப்பைச் சோறு மிச்சப்படுகிறது. பெரிய தீனிக்காரராக மாறாமலே எடை கூடுவது இவ்வாறுதான்.

பசி இரண்டாவது காரணம். மூளையில் பசியை ஆளும் பகுதியை நிக்கோட்டின் அடக்கி வைத்திருக்கிறது. அது நீங்கியதும் பசி தன் இயல்புக்குத் திரும்புகிறது. மழுங்கியிருந்த நாவும் மூக்கும் சில நாட்களில் கூர்மை பெறுவதால் தாளித்த கறியின் மணம் முன்னிலும் நன்றாகத் தெரியும். இது நலம் திரும்புவதன் அடையாளமே. ஆனால் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்ளத் தூண்டுவதும் இதுவே.

இவற்றோடு பழக்கம் சேர்கிறது. நாளொன்றுக்கு இருபது சிகரெட் என்றால், ஒவ்வொன்றுக்கும் பத்துத் தடவையாயினும் கை வாயருகே செல்கிறது. அந்தக் கை சும்மா இருப்பதில்லை. மிக்சர், முறுக்கு, கச்சான், பிஸ்கட் என்று எது மேசைமேல் இருக்கிறதோ அதனை நாடுகிறது. சிகரெட்டுக்கும் மெலிந்த உடலுக்கும் உள்ள இத்தொடர்பைப் புகையிலை நிறுவனங்கள் நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தன. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டை விற்ற நிறுவனம், இனிப்புக்குப் பதிலாகச் சிகரெட்டை எடுக்குமாறு பெண்களைத் தூண்டி விளம்பரம் செய்தது. இனிப்பு வணிகர்கள் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். எடை பற்றிய அச்சம் அன்று தொட்டே விற்பனைக்குப் பயன்பட்டு வருகிறது.

தேநீர்க் கோப்பை

தமிழ் வீடுகளில் தனியாகக் கவனிக்க வேண்டியது தேநீர். புகைத்தவர்களுள் பலருக்கு ஒரு சிகரெட்டும் ஒரு தேநீரும் சேர்ந்தே வந்தவை. சிகரெட் போனபின் அந்த இடத்தையும் தேநீரே நிரப்புகிறது. ஒரு தேக்கரண்டிச் சீனியில் ஏறத்தாழ 16 கலோரி உண்டு. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் நாளுக்கு ஆறு கோப்பை குடித்தால், பாலைச் சேர்க்காமலே 190 கலோரியைத் தாண்டிவிடும்.

பலர் அறியாத மற்றொரு செய்தியும் இங்குண்டு. புகையிலைப் புகையில் உள்ள பொருட்கள், தேநீரிலும் காப்பியிலும் உள்ள கஃபீனைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்குமாறு செய்கின்றன. புகைத்தலை விட்டதும் இந்த வேகம் தணிகிறது. முன்பு குடித்த அதே அளவைக் குடித்தாலும் இரத்தத்தில் கஃபீன் ஏறத்தாழ இரு மடங்காகலாம். அதனால் படபடப்பும் எரிச்சலும் உறக்கமின்மையும் தோன்றுகின்றன. இவை யாவும் சிகரெட் இல்லாமையால் வந்தவை என்று எண்ணி மனந்தளர்வோர் பலர். விட்ட நாளிலிருந்தே தேநீரையும் காப்பியையும் பாதியாகக் குறைத்தால் உறக்கமும் சீராகும், சீனியும் குறையும்.

எது பெரிய ஆபத்து

நான்கைந்து கிலோ எடையையும் புகைத்தலையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியவர்களுக்கு நம் மாநிலத்திலேயே கிடைத்த விடை ஒன்று உள்ளது. நியூ சவுத் வேல்ஸில் 45 வயதுக்கு மேற்பட்ட இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளிவந்தன. தொடர்ந்து புகைப்போரின் இறப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு வரை புகைத்தலாலேயே நேர்கின்றன என்றும், அவர்கள் ஏறத்தாழப் பத்தாண்டு ஆயுளை இழக்கின்றனர் என்றும் அது கண்டது.

நீரிழிவு தொடர்பில் சற்று நிதானமாகப் பேச வேண்டும். புகைப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் புகைக்காதவர்களைவிட 30 முதல் 40 சதவீதம் அதிகம். எனினும் விட்டவுடனேயே இந்த அபாயம் குறைந்துவிடுவதில்லை. 2018இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், விட்டபின் எடை கூடியவர்களுக்கு நீரிழிவு அபாயம் சில ஆண்டுகள் உயர்ந்து, ஐந்தாம் ஆண்டு முதல் ஏழாம் ஆண்டு வரை உச்சத்திலிருந்து, பின்னர் படிப்படியாகத் தணிந்தது. எடை கூடாதவர்களிடம் இந்த உயர்வு காணப்படவில்லை. அதே ஆய்வில், எடை எவ்வளவு கூடியிருந்தபோதிலும், விட்டவர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைவாகவே இருந்தது.

இதில் தமிழர்கள் கருத்தூன்ற வேண்டிய காரணம் உண்டு. தெற்காசியருக்கு, உடல் மிகவும் பருக்காத நிலையிலேயே, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பினால் நீரிழிவு வருகிறது. உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே ஆசிய மக்கள் எச்சரிக்கை கொள்ளவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. மற்றவர்களுக்கு அது 25. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருத்தல் நன்று. அளக்கும் இடம் இடுப்புப்பட்டி கட்டும் இடமோ சாரம் உடுக்கும் இடமோ அன்று. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவை வைத்து, மூச்சை வெளிவிட்டபின் அளக்க வேண்டும். புகைப்பவர் மெலிந்தவராகத் தோன்றினும் அவருடைய கொழுப்பு வயிற்றிலேயே கூடுதலாகத் தங்கும். ஆகவே விடும் நாளன்று எடையோடு இந்த அளவையும் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். தினந்தோறும் எடை பார்த்து வருந்துவதால் பயனில்லை.

என்ன செய்யலாம்

முதலில் தவிர்க்க வேண்டியது, சிகரெட்டை விடும் அதே வாரத்தில் கடுமையான பட்டினியையும் தொடங்குவது. பசியும் நிக்கோட்டின் வேட்கையும் ஒன்றாக வந்து நெருக்கினால், இரண்டில் ஒன்று தோற்கும். பெரும்பாலும் தோற்பது புகைத்தலை விடும் முயற்சியே. முதல் மூன்று மாதங்களில் எடை மேலும் ஏறாமல் தடுப்பதை மட்டும் இலக்காகக் கொண்டு, குறைக்கும் வேலையைப் பின்னர் தொடங்குவது அறிவுடைமை.

நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, மெல்லும் பசை, வாயில் கரையும் வில்லை ஆகியவை வேட்கையைத் தணிப்பதோடு, அவற்றைப் பயன்படுத்தும் காலத்தில் எடை கூடுவதையும் ஓரளவு தாமதப்படுத்துகின்றன. பழக்கத்தோடு போராடும் முதல் மாதங்களில் இந்தத் தாமதமே பெரிய உதவி. இவற்றை மருந்தகத்தில் நேரடியாக வாங்கலாம். குடும்ப மருத்துவரின் மருந்துச் சீட்டோடு வாங்கினால் அரசின் மானிய விலை கிடைக்கும்.

மிச்சப்படும் ஒரு கோப்பைச் சோற்றின் கணக்கை நினைவில் வைத்தால் உணவில் செய்யவேண்டிய மாற்றம் தெளிவாகும். இரவுச் சோற்றில் ஒரு கோப்பையைக் குறைத்து, அந்த இடத்தைக் கீரை, பருப்பு, கத்தரி, பயற்றங்காய் போன்றவற்றால் நிரப்பலாம். முழுச் சமையலையும் மாற்றி, வீட்டாரெல்லாரும் பச்சைக் காய்கறியை மென்றுகொண்டிருக்க வேண்டியதில்லை. வேட்கை எழுந்தால் அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளரிக்காய்த் துண்டோ, ஆரஞ்சோ, ஒரு குவளைத் தண்ணீரோ இருக்கும்படி பார்த்துக்கொள்வது வீட்டிலுள்ளோர் செய்யக்கூடிய உதவி. முறுக்கு டப்பாவைச் சில வாரங்களுக்குக் கண்ணில் படாத இடத்தில் வைப்பதும் அவ்வாறே.

நடையும் இரட்டைப் பயன் தருவது. அரைமணி நேர விரைவு நடை கலோரியைச் செலவிடுவதோடு, நடக்கும்போதும் அதன்பின் சிறிது நேரமும் சிகரெட் வேட்கையைத் தணிக்கிறது. மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குச் செல்பவர்களுக்குப் பரமட்டா பூங்கா தொலைவில் இல்லை. இரவுப்பணி செய்வோரும் வாகனம் ஓட்டுவோரும் முன்பு புகைக்க வெளியே சென்ற பத்து நிமிட இடைவேளையை இழக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில் எழுந்து சென்று நடக்கலாம்.

சிகரெட்டுக்கு மாற்றாக வெற்றிலை பாக்கை நாடுவது இன்னொரு பிழையான வழி. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியுள்ளது.

உறவினரும் நண்பரும் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. நெடுநாளின் பின் சந்திப்பவரிடம் 'உடம்பு வைத்துவிட்டதே' என்று சொல்வது தமிழர் வழக்கில் நலம் விசாரிப்பது போன்றது. திருமண வீட்டில் பத்துப் பேர் அதையே சொல்லக் கேட்கும் ஒருவர், அன்றிரவு வாகனத் தரிப்பிடத்தில் யாரிடமாவது ஒரு சிகரெட் கேட்கக்கூடும். எத்தனை நாளாகப் புகைக்கவில்லை என்று அவரிடம் கேட்பது நல்லது.

மருத்துவரிடம் முன்னரே சொல்ல வேண்டியவர்கள்

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள், புகைத்தலை விடும் நாளை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். விட்டபின் இரத்தச் சீனியின் போக்கு மாறக்கூடும் என்பதால் அதை அடிக்கடி சோதிக்கவும் மருந்தின் அளவைத் திருத்தவும் நேரலாம். குளோசபீன், ஒலன்சபீன் போன்ற மனநல மருந்துகளும், மூச்சுத்திணறலுக்கான தியோபிலினும் கஃபீனைப் போலவே உடலில் கூடுதலாகத் தங்கும். இவற்றின் அளவை மருத்துவரே மாற்ற வேண்டும். தாமாகக் குறைப்பதோ நிறுத்துவதோ ஆபத்து.

நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கு மருத்துவர் பராமரிப்புத் திட்டம் ஒன்றை வகுத்துக் கொடுத்தால், உணவியலாளர் உள்ளிட்டோரிடம் ஆண்டுக்கு ஐந்து தடவை வரை மெடிகேர் உதவியோடு செல்லலாம். நீரிழிவு அபாயத்தைக் கணிக்கும் ஆஸ்திரேலியப் படிவமான ஆஸ்டிரிஸ்க்கை நிரப்பித் தருமாறும் மருத்துவரிடம் கேட்கலாம். அதில் பிறந்த நாடு, புகைத்தல், இடுப்புச் சுற்றளவு ஆகிய மூன்றும் கேட்கப்படுகின்றன.

உதவி பெற

குவிட்லைன்: 13 7848. விடுவதற்கு முன்பும் பின்பும் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பேசுவர். எடை பற்றிய கவலையையும் அவர்களிடம் கூறலாம். தமிழில் பேச விரும்புவோர் மொழிபெயர்த்துரைப்புச் சேவையை 131 450 என்ற எண்ணில் அழைத்து, 'தமிழ்' என்று கூறி, குவிட்லைனுடன் இணைக்குமாறு கேட்கலாம். குடும்ப மருத்துவரைக் காணச் செல்பவர்கள், மொழிபெயர்த்துரைப்பாளர் தேவை என்பதை நேரம் ஒதுக்கும்போதே தெரிவிக்க வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை சிகரெட் புகைக்கப்படுகிறது, முதற் சிகரெட் எழுந்து எவ்வளவு நேரத்துக்குள், எடுக்கும் மருந்துகள் எவை, இடுப்பளவு எவ்வளவு என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நன்று.