பறந்து சேர்த்த புள்ளி யாருக்குச் சொந்தம்?

கொல்கத்தா:

ஷாலிமாரில் பிற்பகலில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் மாலைதான் சென்னை சென்ட்ரல். டம்டம்மில் விமானம் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஊரில் தகப்பனார் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று போன் வந்தால் லேக் மார்க்கெட் தமிழர் ரயில் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருப்பதில்லை. சீட்டுப் பணத்தை எடுத்தாவது விமானம் ஏறிவிடுகிறார். வசதிக்காகப் பறப்பவர் சிலர், வேறு வழியில்லாமல் பறப்பவர் பலர்.

அப்படிப் பறக்கும்போது விமானக் கம்பெனி ஒரு ஆசை காட்டுகிறது. எங்கள் திட்டத்தில் அங்கத்தினராகச் சேருங்கள், கட்டணமில்லை. ஒவ்வொரு பிரயாணத்துக்கும் புள்ளி தருகிறோம். புள்ளி சேர்ந்தால் இலவச டிக்கெட் என்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி 1981 மே 1-ந் தேதி ஆரம்பித்த திட்டத்துக்குப் பிறகு உலகெங்கும் பரவிய வியாபார முறை இது. நம் நாட்டில் ஏர் இந்தியா 'ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ்' என்ற பெயரில் நடத்தி வந்த திட்டம், 2024 நவம்பரில் விஸ்தாரா அதனோடு இணைந்த சமயத்தில் 'மகாராஜா கிளப்' என்று பெயர் மாறியது. விஸ்தாராவில் சேர்த்த புள்ளிகளும் அதற்கே வந்து சேர்ந்தன.

சேருவது சுலபம். தகராறு வருவது புள்ளியைக் கேட்கப் போகும்போதுதான்.

இனிஷியல் படுத்தும் பாடு

தமிழருக்கென்றே ஒரு சங்கடம் இதில் உண்டு. டிக்கெட்டில் உள்ள பெயரும் அங்கத்தினர் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இத்தகைய திட்டங்களில் பொதுவான விதி. விண்ணப்பத்திலோ முதல் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். பக்கத்து மேஜை பானர்ஜி யோசிக்காமல் நிரப்பிவிடுவார். ராமசாமி மகன் முருகேசன் என்ன செய்வார்? அங்கத்தினராகச் சேரும்போது 'முருகேசன் ஆர்' என்று எழுதுகிறார். ராஷ்பிகாரி அவென்யூ டிக்கெட் ஏஜெண்டு 'ராமசாமி முருகேசன்' என்று போடுகிறார். ஆதாரில் இருப்பது 'ஆர். முருகேசன்'. பறந்தவர் ஒருவர், கம்ப்யூட்டர் கணக்கில் மூவர். விடுபட்ட புள்ளியைக் கேட்பதற்கும் கெடு உண்டு. அது தாண்டிவிட்டால் போனது போனதுதான்.

ஆபீஸ் செலவில் பறக்கும் மத்திய சர்க்கார் ஊழியருக்கு இன்னொரு நுணுக்கம். அரசு வேலைக்காக எடுத்த டிக்கெட்டில் சேரும் புள்ளியை அரசு வேலைக்கான பிரயாணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று நிதி அமைச்சகத்தின் உத்தரவு இருக்கிறது. சொந்தப் பிரயாணத்துக்கு எடுத்தால் இலாகா நடவடிக்கை வரலாம். கம்பெனி அந்தப் புள்ளியை ஊழியரின் பெயரில்தான் வரவு வைக்கிறது. சர்க்காரோ அது தன்னுடையது என்கிறது.

24 முறை குறை சொன்னவர்

விதியை யார் வியாக்கியானம் செய்வது என்ற கேள்விக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு பிரசித்தமானது.

மின்னசோட்டாவைச் சேர்ந்த யூத மதகுரு பின்யாமின் கின்ஸ்பெர்க், நார்த்வெஸ்ட் விமானக் கம்பெனியின் 'வேர்ல்டுபெர்க்ஸ்' திட்டத்தில் 1999-ல் சேர்ந்தார். ஓயாமல் பறந்து 2005-ல் அதன் மேல்படியான பிளாட்டினம் அந்தஸ்தை எட்டினார். 2008 ஜூனில் கம்பெனி அவருடைய அங்கத்தினர் பதிவையே ரத்து செய்துவிட்டது. காரணம் கேட்டார். 2007 டிசம்பர் 3-க்குப் பிறகு நீங்கள் 24 முறை எங்களிடம் குறை சொல்லியிருக்கிறீர்கள், அதில் 9 முறை பெட்டி தாமதமாக வந்ததைப் பற்றி என்று பதில் வந்தது. அந்தக் குறைகளுக்காகக் கம்பெனியே அவருக்கு 1,925 டாலர் மதிப்புள்ள பிரயாண வவுச்சர்களும், 78,500 மைல் போனஸும், 491 டாலர் ரொக்கமும் கொடுத்திருந்தது. கொடுக்கும்போது நியாயமாகத் தெரிந்த புகார்கள், கூட்டிப் பார்த்தபோது துஷ்பிரயோகமாகத் தெரிந்தன போலும்.

டெல்டா கம்பெனியோடு இணையப் போகும் நேரத்தில் செலவைக் குறைக்கவே தம்மை வெளியேற்றினார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். கம்பெனி காட்டியது ஒரே ஒரு ஷரத்து: திட்டத்தைத் துஷ்பிரயோகம் செய்தால் ரத்து, துஷ்பிரயோகமா இல்லையா என்பதைக் கம்பெனியே தன் சொந்த முடிவில் தீர்மானிக்கும். ஒப்பந்த மீறல் என்ற வாதம் கீழ்க் கோர்ட்டில் இந்த ஷரத்தின் முன் நிற்கவில்லை. அதை எதிர்த்து அவர் அப்பீல் செய்யவும் இல்லை. ஒப்பந்தத்தை நல்லெண்ணத்தோடு நிறைவேற்ற வேண்டும் என்ற எழுதப்படாத கடமையைக் கம்பெனி மீறியது என்ற இன்னொரு வாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே போனார்.

அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2014 ஏப்ரல் 2-ந் தேதி ஏகமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விமானக் கட்டணம், பாதை, சேவை ஆகியவற்றில் மாகாணச் சட்டங்கள் தலையிடக்கூடாது என்பது 1978-ம் வருஷத்து மத்திய சட்டம். நல்லெண்ணக் கடமை என்பது அவருடைய மாகாணச் சட்டம் மேலிருந்து விதித்த கடமை. இரு தரப்பும் விரும்பி எழுதிக்கொண்டதல்ல. ஆகவே செல்லாது என்றது கோர்ட். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை வைத்து வழக்காடலாம் என்ற கதவை அதே கோர்ட் 1995-லேயே இன்னொரு வழக்கில் திறந்து வைத்திருந்தது. அப்பீல் செய்யாததால் மதகுருவுக்கு அந்தக் கதவும் அடைபட்டுப் போயிற்று.

ஆக, விதியை எழுதியதும் கம்பெனி, அதற்குப் பொருள் சொன்னதும் கம்பெனி, தண்டனை கொடுத்ததும் கம்பெனி. விளையாட்டு வீரரே நடுவராகவும் இருந்த கதை இது.

சலுகையா, பாக்கியா?

புள்ளி என்பது நாங்களாகப் பார்த்துக் கொடுக்கும் சலுகைதானே என்று கம்பெனிகள் சொல்வதுண்டு. மளிகைக் கடைக்காரர் தீபாவளிக்கு ஒரு டப்பா இனிப்பு கொடுத்தால் அது சலுகை. அடுத்த வருஷம் கொடுக்காவிட்டால் யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. பத்து மூட்டை வாங்கினால் பதினோராவது இலவசம் என்று போர்டு மாட்டி, அதை நம்பி ஒருவர் பத்து மூட்டை வாங்கிய பிறகு போர்டைக் கழற்றினால் அது வேறு விஷயம்.

ரயில்வேயில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணக் குறைப்பு முதல் வகையைச் சேர்ந்தது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் குறைத்து வந்தார்கள். கொரோனா சமயத்தில், 2020 மார்ச் 20-ல், அது நிறுத்தப்பட்டது. திரும்பக் கேட்டுப் போட்ட மனுவை, இது அரசின் கொள்கை முடிவு என்று 2023 ஏப்ரலில் நமது சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. பெரியவர்களுக்கு வருத்தம்தான், ஆனால் அவர்கள் முன்பணம் கட்டிச் சேர்த்து வைத்த சலுகையல்ல அது. விமானப் புள்ளி அப்படியல்ல. ஏற்கெனவே காசு கொடுத்துப் பறந்து முடித்தாகிவிட்டது. கம்பெனி கொடுக்க வேண்டியது பாக்கி.

கம்பெனியே படுத்துவிட்டால் பாக்கியும் படுத்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். கிங்ஃபிஷர் 2012-ல் பறப்பதை நிறுத்தியபோது அதன் புள்ளிகளை வைத்துக்கொண்டு எங்கும் பறக்க முடியவில்லை. 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது, திட்டத்தை நடத்தியது தனிக் கம்பெனியாக இருந்ததால் அங்கத்தினர்கள் ஓரளவு தப்பினார்கள். புள்ளி அந்த வருஷமே 'இன்டர்மைல்ஸ்' என்ற புதுப் பெயரில் தொடர்ந்தது.

இங்கே உள்ள வழி

அமெரிக்க மதகுருவுக்கு இல்லாத ஒரு வசதி இங்கே காகிதத்திலாவது இருக்கிறது. 2020 ஜூலை 20-ல் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தக்க காரணமில்லாமல் ஒருதலைப்பட்சமாக ஒப்பந்தத்தை முறிக்க ஒரு தரப்புக்கு இடம் கொடுக்கும் ஷரத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற வகையில் சேர்த்திருக்கிறது. அந்த ஷரத்தையே எதிர்ப்பதானால் மாநிலக் கமிஷனுக்குப் போக வேண்டும். பறந்த பிரயாணத்துக்குப் புள்ளி வரவு வைக்கவில்லை என்பது போன்ற சேவைக் குறைபாடானால் மாவட்டக் கமிஷன் போதும். புள்ளி இலவசமாகக் கொடுத்தது, அதற்கு நுகர்வோர் என்று யாரும் இல்லை என்று கம்பெனி வக்கீல் நிச்சயம் வாதிடுவார். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் புள்ளியும் அடங்கியது என்று காட்ட வேண்டியது புகார் செய்பவரின் பொறுப்பு. டிக்கெட், போர்டிங் பாஸ், சேர்ந்த நாளில் இருந்த விதிகளின் பிரதி ஆகிய மூன்றும் இல்லாமல் அதைக் காட்டுவது கஷ்டம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. பழைய பிரதி கம்பெனியிடம் கேட்டால் சுலபத்தில் கிடைக்காது.

கம்பெனியின் தலைமை ஆபீஸ் குருகிராமத்தில் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே, மனுக் கொடுக்கப் புதிய சட்டம் அனுமதிக்கிறது. டாலிகஞ்சில் குடியிருப்பவர் கொல்கத்தாவிலேயே கொடுக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணுக்குப் போன் செய்து பார்ப்பது நல்லது. பல சில்லறைத் தகராறுகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. மாவட்டக் கமிஷனில் கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அந்த நாள் எது என்பதற்குச் சாட்சி, புள்ளியை ரத்து செய்ததாகக் கம்பெனி அனுப்பிய கடிதமோ மின்னஞ்சலோதான். கோபத்தில் அதை அழித்துவிடக் கூடாது.