சேர்வராயன் மலைக் காப்பியும் உலகச் சந்தையும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோர், வழிநெடுகிலும் ஓங்கி வளர்ந்த சில்வர் ஓக் மரங்களையும், அவற்றைத் தழுவிப் படர்ந்த மிளகுக் கொடிகளையும், அவற்றின் நிழலில் தழைத்து நிற்கும் காப்பிச் செடிகளையும் காண்பர். இயற்கை அன்னையே இவ்வாறு அமைத்து வைத்தாள் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. காப்பியின் தாயகம் ஆப்பிரிக்காவிலுள்ள எத்தியோப்பியா. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மிளகோ மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கு உரியது. இம்மலையில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் தம் உணவுக்கென்று விளைவித்தவை சாமையும் கேழ்வரகும் போன்ற தானியங்களே.

1820ஆம் ஆண்டுகளில் சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் ஏற்காட்டில் காப்பியைப் பயிராக்கினார். அன்று தொடங்கிய உறவு இது. உலகமயமாதல் என்னும் சொல் நம் பத்திரிகைகளில் இடம்பெற்றுச் சில பத்தாண்டுகளே ஆகின்றன. ஆனால் அது குறிக்கும் நிலைமை சேர்வராயன் மலைக்கு இருநூறு ஆண்டுப் பழக்கம். மலையில் விளைவதை எங்கோ ஒருவர் அருந்துகிறார். அதன் விலையை வேறெங்கோ ஒருவர் நிர்ணயிக்கிறார். இதனால் இங்குள்ள குடியானவருக்கும் கூலியாளுக்கும் விளையும் நன்மை தீமைகளைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில், இத்தொழிலில் விலை ஏறும்போது செய்யும் தவறுகளே விலை இறங்கும்போது குடும்பங்களைக் கவிழ்க்கின்றன.

பழைய வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். 1869ஆம் ஆண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து சென்று உழைத்த தோட்டங்கள் அவை. இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காப்பிச் சாகுபடி பெரும்பாலும் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஒரே பயிரை நம்பிய நாடு அப்பயிரை இழந்தால் என்னவாகும் என்பதை அண்டை வீட்டிலேயே நாம் கண்டோம்.

பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஐரோப்பியச் சந்தைகள் மூடப்பட்டன. கொட்டை விலைபோகாமல் தேங்கியது. அந்த நெருக்கடியில்தான் அரசு தலையிட்டது. 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டப்படி காப்பி வாரியம் முழு அதிகாரம் பெற்றது. விவசாயி தம் விளைச்சல் முழுவதையும் வாரியத்தின் பொதுத்தொகுப்பில் ஒப்படைப்பார். வாரியம் தரம் பிரித்து, உள்நாட்டில் ஏலத்திலும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகவும் விற்று, பணத்தைத் தவணை தவணையாக வழங்கும். தவணைகள் தாமதமாக வந்தன என்பதும், தம் சரக்கைத் தாமே விற்க உரிமை இல்லை என்பதும் விவசாயிகளின் நெடுநாள் மனக்குறை. அக்குறை நியாயமானதே. எனினும் கொட்டையை வாங்குவதற்கு ஒருவர் இருக்கிறார் என்ற நிச்சயம் அக்காலத்தில் இருந்தது. அதன் மதிப்பு, அது போன பின்னரே பலருக்கும் விளங்கியது.

வெளியுலகிலும் ஏறக்குறைய இதே போன்றதோர் ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. 1962ஆம் ஆண்டின் சர்வதேசக் காப்பி ஒப்பந்தப்படி, விளைவிக்கும் நாடுகள் ஒவ்வொன்றும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு வகுக்கப்பட்டது. சந்தையில் சரக்கு அளவுக்கு மீறிக் குவியாததால் விலை ஓரளவு நிலைத்து நின்றது. 1989 ஜூலையில் இப்பங்கீட்டு முறை கைவிடப்பட்டது. பல நாடுகளும் தம் கிடங்குகளைத் திறந்துவிட்டன; விலை சில மாதங்களில் சரிந்தது. அடுத்து 1991இல், நம் காப்பியைப் பெருமளவு வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் கலைந்தது. இரண்டு அடிகளும் அடுத்தடுத்து விழுந்தன.

நமது நாட்டில் 1992 முதல் பொதுத்தொகுப்பு முறை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1996இல் விவசாயிகள் அனைவரும் தம் விளைச்சல் முழுவதையும் விரும்பியவருக்கு விற்கும் உரிமை பெற்றனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1994ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் பிரேசில் நாட்டில் கடும் உறைபனி விழுந்து காப்பித் தோட்டங்கள் கருகின. உலகக் காப்பியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்நாட்டில் விளைகிறது. எனவே விலை விண்ணை முட்டியது. சுதந்திர விற்பனை வந்த அதே வேளையில் விலையும் உயர்ந்ததால், சந்தை உரிமையே விலையைக் கூட்டியது என்று நம்மவர் பலர் நம்பினர். விலையைக் கூட்டியது பிரேசிலின் பனி.

அந்த நல்ல விலையைக் கண்டு உலகெங்கும் புதிதாகக் காப்பி நட்டார்கள். வியத்நாமின் மத்திய மேட்டுநிலங்களில் காடுகள் திருத்தப்பட்டு, சமவெளியிலிருந்து வந்து குடியேறிய லட்சக்கணக்கானோர் ரோபஸ்டா வகையைப் பயிரிட்டனர். அங்கிருந்த மலைவாழ் மக்கள் பலர் தம் நிலத்தை இழந்தனர். 1990இல் காப்பி உலகில் பெயர் சொல்லத்தக்க இடமில்லாதிருந்த அந்நாடு, பத்தே ஆண்டுகளில் பிரேசிலுக்கு அடுத்த நிலையை எய்தியது. நட்ட செடிகளெல்லாம் ஒருசேரக் காய்த்தபோது விலை வீழ்ந்தது. 2001, 2002ஆம் ஆண்டுகளில் உலகச் சராசரி விலை பவுண்டு ஒன்றுக்கு 50 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே இறங்கிற்று. மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவாவில் தோட்டங்கள் மூடப்பட, தொழிலாளர் குடும்பங்கள் சாலையோரங்களில் தங்கிப் பசியால் வாடின. பொருளை விளைவித்தவருக்குச் சாகுபடிச் செலவு கூடக் கட்டுபடியாகாத அதே ஆண்டுகளில், நகரங்களில் ஒரு கோப்பைக் காப்பியின் விலை குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அண்மையில் நிலை இதற்கு நேர்மாறாயிற்று. பிரேசிலிலும் வியத்நாமிலும் வறட்சியால் விளைச்சல் குன்றியதால், 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகாவின் விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. இது அதுவரை கண்டிராத உயரம். இத்தகைய ஏற்றம் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் முந்தைய ஏற்றங்களின் கதை நம் கண்முன் இருக்கிறது.

தூரத்து விலை நம் களத்துக்கு எவ்வாறு வந்து சேருகிறது என்பதை விவசாயிகள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். அராபிகாவுக்கு நியூயார்க்கும் ரோபஸ்டாவுக்கு லண்டனும் விலை வைக்கும் இடங்கள். சேர்வராயன் மலையில் விளைவது பெரிதும் அராபிகா. நியூயார்க்கில் பவுண்டு 3 டாலர் என்றும், டாலர் 85 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 2.2 பவுண்டு. ஆகவே ஒரு கிலோ சுத்தமான கொட்டைக்குச் சுமார் 560 ரூபாய் ஆகிறது. ஒரு கிலோ கொட்டை பெற ஏறத்தாழ 6 கிலோ பழம் வேண்டும். எனவே ஒரு கிலோ பழத்துக்குள் அடங்கியிருக்கும் உலகச் சந்தை மதிப்பு 93 ரூபாய் என்றாகும். இதிலிருந்து தோல் நீக்குதல், உலர்த்துதல், பதனிடுதல், வண்டிச் சத்தம், வியாபாரியின் லாபம் ஆகியவை கழியும். கொட்டையின் தரத்தைப் பொறுத்துச் சிறிது கூடும் அல்லது குறையும். தோட்டத்துக்கே வந்து பழத்துக்கு விலை பேசுபவர் கூறும் தொகைக்கும் இத்தொகைக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று பார்த்தால், பேரம் பேசுவதற்கு ஓர் அடிப்படை கிடைக்கும். காப்பி வாரியம் சந்தை விலைகளை அன்றாடம் வெளியிடுகிறது. கைத்தொலைபேசி உள்ள இளைஞர் ஒருவர் அதைக் கிராமப் பலகையில் எழுதிவைப்பது பெரிய காரியமன்று.

இந்தியாவில் காப்பி நிலம் உடையோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் 10 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு விவசாயிகளே. ஏற்காட்டுக் கிராமங்களில் மலையாளி மக்கள் பலருடைய நிலம் இதனினும் மிகச் சிறியது. உலக விலையை இவர்கள் மாற்ற இயலாது. ஆனால் அவ்விலை வீழும்போது தாங்கி நிற்கும் வலுவைத் தோட்டத்தில் அமைத்துக்கொள்ள இயலும். அவ்வலுவை முதலில் கெடுப்பது நிழல் மரத்தை வெட்டுவதே.

விலை ஏறினால் செடி நெருக்கமாக வேண்டும், வெயில் அதிகம் படவேண்டும் என்று சிலர் மரங்களை வெட்டிவிடுகின்றனர். மரத்துக்கும் அன்று நல்ல விலை கிடைப்பதால் இரட்டை லாபம் போலத் தோன்றும். அராபிகாவின் பெரும் பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. அது வெயில் படும் தண்டுகளையே நாடி முட்டையிடும். புழு தண்டைக் குடைந்த பின்னர் செடி வாடும். அதற்குப் பரிகாரம் பிடுங்கி எரிப்பதன்றி வேறில்லை. ஏப்ரல், மே மாதங்களிலும், பின்னர் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டுகள் வெளிவந்து பறக்கும். அதற்கு முன்னரே தாக்குண்ட செடிகளை அகற்றாவிடில் அடுத்த தோட்டக்காரரும் நஷ்டம் அடைவார். ஆதலால் இது தனியொருவர் விஷயமன்று. ஊர் கூடி ஒரே வாரத்தில் செய்யவேண்டிய பணி.

மரம் இருந்தால் மிளகு இருக்கும். காப்பி விலை வீழ்ந்த ஆண்டுகளில் பல குடும்பங்களைக் காத்தது இக்கொடியே. ஆனால் மிளகும் உலகச் சந்தைக்கு உட்பட்டதே என்பதை மறத்தல் ஆகாது. 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் வழியே மலிவான மிளகு இறக்குமதியாயிற்று. விலைச் சரிவைத் தடுக்க, 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது. மிளகும் காப்பியும் ஒரே ஆண்டில் ஒருங்கே வீழ்வதும் உண்டு. அந்த ஆண்டுக்காகப் பலா, ஆரஞ்சு, வீட்டுத் தேவைக்குச் சிறிது கேழ்வரகு ஆகியவற்றையும் விட்டுவிடாமல் வைத்திருப்போரை நான் அறிவாளிகள் என்றே சொல்வேன்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடைவாசத் தலமாகிய ஏற்காட்டில் விடுதிகளுக்கு இடம் தேடுவோர் எப்போதும் உண்டு. காப்பி விலை தாழ்ந்த ஆண்டுகளில் அவர்களுடைய பணம் பெரிதாகத் தெரியும். விற்ற குடும்பம் அதே நிலத்தில் கூலிக்கு வருவது எந்த ஊருக்கும் பெருமையன்று.

இப்பொழுது புதியதொரு விஷயம் எழுந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, 2020 டிசம்பர் 31ஆம் தேதிக்குப் பின்னர் காடழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்த காப்பி அங்கே விற்கப்படலாகாது. விளைந்த நிலம் எங்குள்ளது என்பதற்கு அட்சரேகை, தீர்க்கரேகையுடன் ஆதாரம் காட்ட வேண்டும். அச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் இருமுறை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அலட்சியமாக இருத்தல் கூடாது. நம் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அதை மிகுதியாக வாங்குவது இத்தாலி, ஜெர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகள். நிழல் மரங்களின் கீழ்ப் பல தலைமுறைகளாகப் பயிரிடும் நம் மக்களுக்கு இச்சட்டம் உண்மையில் சாதகமானது. இடையூறு என்னவெனில், பெரிய எஸ்டேட்டுக்கு ஆவணம் தயார். பட்டா தந்தை பெயரிலோ பாட்டன் பெயரிலோ கிடக்கும் சிறு விவசாயிக்கு ஆவணம் இல்லை. நல்ல காப்பி வைத்திருந்தும் அவர் அந்தச் சந்தையிலிருந்து ஒதுக்கப்படலாம்.

இங்கேதான் பஞ்சாயத்துக்கு நேரடியான வேலை இருக்கிறது. பட்டா மாறுதலுக்கு யார் யார் மனுச் செய்யவில்லை என்ற பட்டியலைக் கிராமசபைக் கூட்டத்தில் வாசிக்கலாம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமை கோரும் மனுக்களைப் பெற்று விசாரணையைத் தொடங்கும் அதிகாரம் கிராமசபைக்கே உண்டு. காப்பி வாரியத்தின் விரிவாக்க அலுவலரை அக்கூட்டத்துக்கு அழைத்து, நில அளவைப் பதிவு செய்துகொள்ளும் முறையை விளக்கச் சொல்லலாம்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் மற்றொரு பகுதியாகிய ஆந்திர மாநிலத்து அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் ஒன்றுகூடி, நன்கு பழுத்த பழத்தை மட்டும் பறித்து, பொது நிலையத்தில் பதப்படுத்தி விற்கின்றனர். அவர்களுடைய காப்பிக்கு 2017இல் பாரிஸ் நகரிலேயே ஒரு கடை திறக்கப்பட்டது. 2019இல் அரக்கு அராபிகா புவிசார் குறியீடும் பெற்றது. அவர்களும் நம்மைப் போன்ற சிறு நிலக்காரர்களே. காயும் பழமும் கலந்து உருவி எடுக்கும் பழக்கத்தை அவர்கள் கைவிட்டதே முதற்படி.

நம் கிராமங்களில் ஐந்தாறு குடும்பங்களுக்கு ஒரு தோல் நீக்கும் இயந்திரமும் ஒரு சிமெண்ட் களமும் பொதுவில் இருந்தால், பழமாக விற்பதை விடுத்துத் தோலுறைக் கொட்டையாக விற்க இயலும். பறித்த அன்றே தோல் நீக்க வேண்டும். கொட்டை நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரத்துக்கு இறங்கும்வரை உலர்த்த வேண்டும். நன்கு உலர்ந்த 50 கிலோ தோலுறைக் கொட்டையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோ சுத்தக் கொட்டை தேறும். மழைக்கு நனைந்த கொட்டையை எந்த நாட்டவரும் விரும்பி வாங்கமாட்டார். கழுவிய நீரை ஓடையில் விடாமல் குழி வெட்டித் தேக்குவதையும் பஞ்சாயத்து கவனிக்க வேண்டும். கீழேயுள்ள ஊர்கள் குடிப்பது அந்த ஓடைத் தண்ணீரையே. சேர்வராயன் மலையில் பழம் நவம்பரில் திரளாகச் சிவக்கத் தொடங்கும். ஆகவே களமும் இயந்திரமும் அக்டோபர் 2ஆம் தேதிக் கிராமசபை கூடுவதற்குள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அதற்கான தீர்மானத்தை ஆகஸ்ட் 15ஆம் தேதிக் கூட்டத்திலேயே நிறைவேற்றிவிடுவது நல்லது.