கேத்தல் படிவும் சிறுநீரகக் கல்லும்

நக்கிள்ஸ் மலைச்சரிவிலுள்ள லக்கலவிலிருந்து இறங்கி உலர்வலயத்துக்குள் போனால் கிணற்று நீரின் வன்மை கூடும். கேத்தலில் வெண்படிவு பிடிக்கும். அதுவே சிறுநீரகத்திலும் கல்லாகிறது என்பது பலரின் நம்பிக்கை. ஆனால் கேத்தலில் படிவது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. சிறுநீரகக் கற்களில் மிகுதி கல்சியம் ஒட்சலேற்று. அதற்கு வழிவிடுவது உடலின் அனுசேபம்: சிறுநீரில் கல்சியமும் ஒட்சலேற்றும் மிகுகின்றன, படிவைத் தடுக்கும் சித்திரேற்று குறைகிறது. உப்பைக் கூட்டினால் சிறுநீரில் கல்சியம் ஏறும். பிலிங்காய்ச் சாறு ஒட்சலேற்றைக் கொட்டும். நீரிழிவும் உடற்பருமனும் சிறுநீரின் அமிலத்தன்மையைக் கூட்டி யூரிக்கமிலக் கல்லுக்கு இடமளிக்கும். பாலை நிறுத்தினால் போதாதா? போதாது. 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 45,000க்கு மேற்பட்ட ஆண்களுள் உணவில் கல்சியம் கூடுதலாக உண்டோருக்கே கல் குறைவு. குடலில் கல்சியம் ஒட்சலேற்றைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது.

அப்படியானால் நீருக்குப் பங்கே இல்லையா? உண்டு, அளவில். வெயிலில் வேர்த்து உழைப்பவரின் சிறுநீர் செறிந்துவிடும். கல் ஒருமுறை வந்தவர்களை வைத்து நடந்து 1996இல் வெளியான இத்தாலிய ஆய்வில், நிறைய நீர் குடித்தோரில் ஐந்தாண்டுக்குள் 12 வீதத்தினருக்கே கல் திரும்பியது. மற்றோரில் 27 வீதம். மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவவில் காணப்படும் காரணம் அறியாச் சிறுநீரக நோய் வேறு. கல்லோடு அதைக் குழப்ப வேண்டாம்.