நுனிக்காலில் நிற்க என்ன அவசரம்?

பாலே என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளை வெளேரென்று கவுன், ரோஜா நிறச் செருப்பு, கால்விரல் நுனியில் பம்பரமாய்ச் சுழலும் பெண். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்திருந்தோம். லண்டனில் குடியேறிப் பல வருடங்கள் ஆகியும், என் மகளை ஐந்து வயதில் பாலே வகுப்பில் சேர்த்த பிறகுதான், அந்த நுனிக்காலுக்குப் போய்ச் சேர எத்தனை படி ஏற வேண்டும் என்பது எனக்குத் தெரிய வந்தது.

இங்கே பல ஆசிரியைகள் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் என்ற அமைப்பின் பாடத்திட்டத்தைத்தான் கற்றுத் தருகிறார்கள். 1920-ல் லண்டனில் ஆரம்பித்தது. ஐந்து வயதில் ப்ரீ-பிரைமரி, ஆறில் பிரைமரி, ஏழிலிருந்து முதல் கிரேடு என்று எட்டாம் கிரேடு வரை போகும். நடனத்தைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறவர்களுக்குத் தனி வரிசை உண்டு: இன்டர்மீடியட் ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், அப்புறம் அட்வான்ஸ்டு. அதில் முதல் தேர்வுக்கே 11 வயது நிரம்பியிருக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு நுனிக்கால் நடனம் வருவதும் அந்தப் படியில்தான். கிரேடுகளில் அது கிடையவே கிடையாது.

சின்னதுகளின் வகுப்பைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். குதிரை மாதிரி ஓடுவது, தாளத்துக்குக் கை தட்டுவது, பூனை மாதிரி சத்தமில்லாமல் குதித்து இறங்குவது. "இதுக்கா பணம் கட்டறோம்?" என்று என் கணவர் கேட்டார். ஆனால் அந்தக் குதியில்தான் விஷயமே இருக்கிறது. இறங்கும்போது முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். அந்த மடக்கலுக்கு ப்ளியே என்று பெயர். கடைசி வரைக்கும் விடாது அந்த ப்ளியே.

பரதநாட்டியம் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு விஷயம் சட்டென்று புரியும். அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் திரும்புகிறதல்லவா? பாலேயிலும் கால் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் முறுக்கி வைத்தால், பாரமெல்லாம் முழங்காலிலும் கணுக்காலிலும் போய் இறங்கும். மகளின் டீச்சர் ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளின் முழங்காலைத்தான் பார்ப்பார். பாதத்துக்கு நேராக முழங்கால் இல்லையென்றால், "திருப்பத்தைக் குறைச்சுக்கோ" என்று உடனே சொல்லிவிடுவார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

மகளுக்கு ஒன்பது வயதானபோது வந்தது வினை. பள்ளித் தோழி ஒருத்தி வேறொரு வகுப்பில் படித்தாள். அங்கே அவளுக்கு நுனிக்கால் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அவள் அதைப் பள்ளிக்கே கொண்டுவந்து காட்ட, எங்கள் வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. "நாலு வருஷமா ஆடறேன், எனக்கு மட்டும் ஏம்மா இல்லை?" என்று ஒரே அழுகை. ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரும், "ஏம்மா, குழந்தை ஆசைப்படறா, அந்த வகுப்புக்கே மாத்திடேன்" என்றார்.

நான் நேராக டீச்சரிடமே போய்க் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். நுனிக்காலில் நிற்கும்போது உடம்பின் முழுப் பாரமும் ஒன்றிரண்டு விரல் நுனியில் நிற்கிறது. வளரும் பிள்ளையின் பாத எலும்புகளில் வளர்ச்சி நடக்கும் இடம் இன்னும் முற்றாமல் மென்மையாக இருக்கும். பதின்மூன்று, பதினாலு வயது தாண்டியும்கூடச் சிலருக்கு அது மூடாது. அதனால் பொதுவாக 11, 12 வயதுக்கு முன் வேண்டாம் என்பார்கள். வயது மட்டும் வந்தாலும் போதாதாம். ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும், ஆட்டம் காணக் கூடாது. வயிறும் முதுகும் தளராமல் நிற்க வேண்டும். பாதம் காலோடு நேர்க்கோடாக நீள வேண்டும். சில வருடப் பயிற்சி, வாரத்துக்கு இரண்டு வகுப்பாவது வேண்டும். இதெல்லாம் இருந்தால் யோசிக்கலாம் என்றார்.

வகுப்பை மாற்றவில்லை. மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை; பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்தச் செருப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே மரக்கட்டை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டி இறுக வைத்த கூடுதான் அது. 1832-ல் பாரிஸில் மரீ தாலியோனி 'லா சில்ஃபீட்' ஆடியபோது இந்தக் கூடுகூடக் கிடையாது. பட்டுச் செருப்பின் முனையில் நூலால் இழையோட்டித் தைத்து, தன் கால் பலத்தில்தான் நின்றிருக்கிறார்! நாம் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கினால் ஒரு சைஸ் பெரிதாகத்தானே வாங்குவோம்? இதில் அது கூடவே கூடாது. உள்ளே கால் வழுக்கினால் ஆபத்து. கடையில் அளவெடுக்கத் தெரிந்தவர் முன்னால் நின்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். வெகுகாலம் ரோஜா நிறம் மட்டுமே வந்துகொண்டிருந்தது. 2018-ல் ஃப்ரீட் கம்பெனி, பாலே பிளாக் என்ற நடனக் குழுவோடு சேர்ந்து பழுப்பு நிறத்திலும் கொண்டுவந்தது. நம் நிறப் பெண்களுக்குச் சந்தோஷம்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் கண்டிப்பு. பாலே என்றால் ஈர்க்குச்சியாக இருக்க வேண்டும் என்று பெண்கள் தாங்களாகவே பட்டினி கிடப்பதுண்டு. ஆடுகிற உடம்புக்குப் போதிய ஆகாரம் இல்லாவிட்டால் மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும்போகும். எலும்பு பலமிழந்து பாதத்தில் மயிரிழை விரிசல் விடலாம். பதின்வயதுப் பெண்ணுக்கு மூன்று மாதம் விலக்கு வராவிட்டால் "ஆடறதால அப்படி" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு என் மகளுக்குத் தயிர் சாதமோ இட்லியோ உண்டு. பையில் ஒரு வாழைப்பழம். இங்கே வெயில் போதாது. அதனால் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ள யோசிக்கலாம் என்று அரசு சுகாதாரத் துறையே சொல்கிறது. நம்மைப் போல் மாநிறம், கறுப்பாக இருப்பவர்களுக்கு வருடம் முழுக்க.

மகளுக்கு இப்போது 12. போன வருடம் டீச்சர் அவள் காலைப் பரிசோதித்துவிட்டுச் சரி என்றார். சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் மட்டும், அதுவும் இரண்டு காலில்தான். நாடாவும் எலாஸ்டிக்கும் நாம்தான் தைக்க வேண்டும். சாதாரண நூல் அறுந்துவிடுகிறது. பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலால் தைத்தேன், கெட்டியாக நிற்கிறது. ஈரத்தோடு பையில் போட்டால் கூடு நமுத்துவிடும். அதனால் வகுப்பிலிருந்து வந்ததும் மாமியார்தான் அதை வாங்கி ஜன்னலோரம் காற்றாட மாட்டி வைக்கிறார்.